அலுமாரிக்குள் கிடந்த கூற்றுகள்: ஒரு அரிசி ஆலையின் ஈ.பி.எப். கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆலையின் பெயரையோ ஊரையோ எழுதப்போவதில்லை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஆலைகளுக்குக் குறைவில்லை. தொகைகளை வட்டமாக்கியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், முதலாளி உட்பட. "எழுது தம்பி, ஆனா என்னைக் கள்ளனாக்கிப் போடாத" என்றார். கள்ளனாக்க வேண்டிய ஆளும் இல்லை அவர். அந்தக் காரணத்தால்தான் இதை எழுதத் தோன்றியது.

நான் மட்டக்களப்பில் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். 2025 சிறுபோக அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். அந்த ஆலையில் நெல் அவிக்கிற பகுதியில் 22 வருட வேலை. வயது 55, நாரி வலி, இனி ஏலாது என்று நின்றுவிட்டார். 60 வயதுக்கு முன் ஒருவரை ஓய்வு பெறச் சொல்லி அனுப்ப முதலாளிக்கு உரிமை இல்லை என்று 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது, ஆனால் இது அவராக எடுத்த முடிவு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டால் ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கலாம் என்பதால், கே படிவத்தை நிரப்பிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கணினியில் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் 2013 ஆம் ஆண்டிலிருந்துதான் கணக்கு இருக்கிறது, ஆறு இலட்சத்துச் சொச்சம், இடையில் ஒன்பது மாதம் காசு கட்டப்படவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நான் சேரக்குள்ள சுனாமி வரல்ல தம்பி. மூத்தவளுக்கு அப்ப ரெண்டு வயசு. இவங்க 2013 எண்டுறாங்க."

அவர் சேர்ந்தது 2003 மார்ச்சில். அப்படியானால் பத்து வருடம் எங்கே போனது?

ஈ.பி.எப். எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டி, அதோடு முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட்டு, ஆக 20 சதவீதத்தை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். காசைப் பெற்று முதலீடு செய்வது மத்திய வங்கி, சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். இது தவிர ஈ.ரி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 சதவீதம், அது முழுக்க முதலாளியின் கையிலிருந்து, தொழிலாளியிடம் ஒரு சதமும் வெட்டக்கூடாது. இது 1980 ஆம் ஆண்டின் சட்டம். இதில் எதுவும் ரகசியம் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் நூறு பேரிடம் கேட்டால் தொண்ணூறு பேர் "ஈ.பி.எப். வெட்டுறாங்க" என்பார்கள், எவ்வளவு, எதிலிருந்து, யாருக்குப் போகிறது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, ஆலைக்குப் போனேன். முதலாளி நல்லவர், தகப்பன் நடத்திய ஆலையை 2013 இல் எடுத்துக்கொண்டவர். பெருநாளைக்கும் பொங்கலுக்கும் எல்லோருக்கும் உடுப்பு எடுத்துக் கொடுக்கிறவர், யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு என்றால் லாச்சியைத் திறந்து எண்ணாமல் எடுத்துக் கொடுக்கிறவர். பிறகு என்ற பொருளில் அவரிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது, "மறுகா". மட்டக்களப்பான், அம்பாறையான் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற சொல்தான். அவர் அதைக் கடதாசிகளுக்கு மட்டும் வைத்திருந்தார். நெல் வந்தால் உடனே, லொறி பழுதென்றால் உடனே, கடதாசி என்றால் "மறுகா பார்ப்பம்".

கணக்கறையில் ஒரு இரும்பு அலுமாரி. நாற்பது வருடக் கணக்குப்பிள்ளை ஐயா திறந்து காட்டினார். மேல் தட்டில் வங்கிப் புத்தகங்கள், நடுத்தட்டில் பில்கள், கீழ்த்தட்டில் பழைய தராசுப்படிகளுக்குப் பின்னால் றப்பர் போட்டுக் கட்டிய கட்டுக் கட்டான கடதாசிகள். எடுத்துப் பார்த்தால் மத்திய வங்கி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புகிற உறுப்பினர் கூற்றுகள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியாக, இந்த மாதம் இவ்வளவு வந்தது, மொத்த மீதி இவ்வளவு என்று அச்சடித்தவை. மத்திய வங்கி அவற்றை முதலாளி ஊடாகத்தான் அனுப்பும், முதலாளி தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். மிகப் பழைய கட்டு 2009 ஆம் ஆண்டினது. ஒன்றுகூட யார் கையிலும் போகவில்லை.

ஏன் ஐயா கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "அதுகளுக்கு இங்கிலீசு விளங்காது தம்பி, துலைச்சுப் போடுங்கள். பத்திரமா இருக்கட்டும் எண்டு வச்சன்."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே பத்திரப்படுத்தித்தான் வைத்திருந்தார், வருடவாரியாக, கரையான் அரிக்காமல் கற்பூரம் போட்டு. அக்காவின் பத்து வருடமும் அதற்குள்தான் இருந்தது.

2009 கட்டில் அவருடைய கூற்று கிடைத்தது. பெயரின் எழுத்துக்கூட்டு வேறு, முதலெழுத்து ஒன்று குறைவு, அடையாள அட்டை இலக்கத்தில் ஆறாவது இடத்தில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. எப்படி நடந்தது என்று ஐயாவோடு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது ஆலையின் பதிவேடுகள் எல்லாம் போய்விட்டன. 2005 இல் எல்லோருடைய விபரத்தையும் திரும்ப எழுதியிருக்கிறார்கள், பலரிடம் அடையாள அட்டையே இல்லை, நனைந்து எழுத்தழிந்த பிரதிகள், சிலருக்கு ஞாபகத்திலிருந்து சொன்ன இலக்கம். அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு கட்டப்படுகிறது என்று மாதாமாதம் அனுப்புகிற சீ படிவத்தில் அந்தப் பிழை இலக்கமே போய்க்கொண்டிருந்தது. 2013 இல் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஆலை மாறியபோது வியாபாரப் பதிவு புதிது, ஈ.பி.எப். தொழில் தருநர் இலக்கமும் புதிது. தொழிலாளர்களைப் புதிதாகப் பதிந்தார்கள், இந்தத் தடவை சரியான அட்டை இலக்கத்தோடு. பழைய கணக்கை யாரும் தேடவில்லை. ஆக ஒரே பெண்ணுக்கு இரண்டு கணக்கு, கணினியைப் பொறுத்தவரை இரண்டு வெவ்வேறு பெண்கள்.

பழைய கணக்கில் எவ்வளவு என்று பார்த்தபோது நான்கு இலட்சத்துக்கு மேல் இருந்தது. 2003 இல் மாதம் மூவாயிரம் சொச்சம் சம்பளத்துக்குக் கட்டிய சின்னத் தொகைகள், 2013 க்குப் பிறகு ஒரு சதம் சேராமல் வட்டியிலேயே வளர்ந்திருந்தது. ஈ.பி.எப். வட்டி 2022 க்கு 9 சதவீதம், 2023 க்கு 13 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்குக்கும் அந்த வட்டி விழுந்திருக்கிறது, காசுக்குச் சொந்தக்காரிக்குத்தான் அது தெரியாது.

அப்போதுதான் அக்கா இன்னொன்றைச் சொன்னார். 2019 இல் மகளுக்கு வீடு கட்டுகிறபோது தொழில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் பக்கத்தில், தமிழரோ முஸ்லிமோ, பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம், அது எல்லோருக்கும் தெரிந்ததே. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ ஈ.பி.எப். மீதியில் 30 சதவீதத்தை வேலையில் இருக்கும்போதே எடுக்கலாம், அதற்குக் குறைந்தது பத்து வருடப் பங்களிப்பும் மூன்று இலட்சம் மீதியும் வேண்டும். 2019 இல் அவருடைய புதிய கணக்குக்கு ஆறு வயது, மீதி மூன்று இலட்சத்தைத் தொடவில்லை. இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக இருந்திருந்தால் பதினாறு வருடம், மீதியும் தாராளமாகத் தாண்டியிருக்கும். அவர் வாரக் கடன் எடுத்தார். வீடு தேடி வந்து செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வசூலிக்கிற கடன். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் முதலாளியிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "என்னட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருப்பனே" என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது அவருடைய காசு. அக்காவின் சொந்தக் காசு நாலு இலட்சம் அலுமாரிக்குக் கீழே கிடக்க, முதலாளியிடம் கை நீட்டியிருக்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பொருள். இதை அவரிடம் நேராகச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் என்று பிறகு நினைத்தேன்.

இனி அந்த ஒன்பது மாதம். 2022 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. அந்த வருடம் எல்லோருக்கும் நினைவிருக்கும், டீசலுக்கு வரிசை, கரண்ட் இல்லை, ஆலை பாதி நாள் மூடிக்கிடந்தது. முதலாளி யாரையும் நிறுத்தவில்லை, சம்பளமும் கொடுத்தார். ஈ.பி.எப். மட்டும் "மறுகா". அப்போது புத்தகத்தில் இருந்தவர்கள் 11 பேர், புத்தகச் சம்பளம் அடிப்படை 12,500 உம் வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி 3,500 உம் சேர்த்து 16,000. அதில் 20 சதவீதம் 3,200. பதினொரு பேருக்கு ஒன்பது மாதத்துக்கு 316,800 ரூபாய். இதில் 126,720 தொழிலாளர்களிடமிருந்து வெட்டிய காசு. வெட்டினார், கட்டவில்லை.

இந்த இடத்தில் நான் இளகுவதில்லை. முதலாளியின் 12 சதவீதத்தைப் பிந்திக் கட்டுவது ஒன்று. வெட்டிய 8 சதவீதத்தை வைத்துக்கொள்வது வேறு. அது அவருடைய காசாக ஒரு நிமிடமும் இருந்ததில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அந்தக் காசில் டீசல் வாங்கி ஆலையை ஓட்டித்தான் அதே ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். ஆனால் அந்தப் பதினொரு பேரும் தங்களுக்குத் தெரியாமலே ஆலைக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், வட்டியில்லாமல், கையெழுத்தில்லாமல்.

சட்டம் இதற்கு விலை வைத்திருக்கிறது. பிந்திக் கட்டினால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போய், பன்னிரண்டு மாதம் கடந்தால் 50 சதவீதம். ஆக 316,800 க்கு மேல் 158,400, மொத்தம் 475,200. நான் கல்குலேட்டரில் தட்டிக் காட்டியபோது முதலாளி திரும்பத் தட்டச் சொன்னார். "பேங்கில கடன் எடுத்துக் கட்டியிருந்தா இதைவிடக் குறையத்தானே முடிஞ்சிருக்கும்?" என்று அவராகவே கேட்டார். ஓம், அதுதான்.

இந்தச் சிக்கல்களெல்லாம் எனக்குப் புதிதில்லை, இப்படிப் பத்து ஆலைகளைப் பார்த்தவன். என்னையே கொஞ்சம் உலுப்பியது மதியச் சோறும், மூட்டை தூக்குகிற நாட்டாமிமாரும்.

சோற்றைச் சொல்கிறேன். ஆலையில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு உண்டு, தகப்பன் காலத்து வழக்கம், நல்ல சாப்பாடு. 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ஆனதும் அக்காவின் புத்தகச் சம்பளத்தையும் 27,000 ஆக்கி, அதற்கு 20 சதவீதம் 5,400 கட்டினார்கள். ஆனால் கையில் வாழ்க்கைச் செலவுப் படி என்று தனியாக 5,000 கொடுக்கப்பட்டது, துண்டில் எழுதி. ஈ.பி.எப். சட்டத்தில் உழைப்பு வருமானம் என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. வாழ்க்கைச் செலவுப் படி சேரும், விடுமுறைச் சம்பளம் சேரும், கொமிஷன் சேரும், துண்டு வேலைக் கூலி சேரும், முதலாளி கொடுக்கிற சமைத்த உணவின் பெறுமதியும் சேரும். ஓவர்டைம்தான் சேராது. சோற்றுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 26 நாளைக்கு 3,900. 27,000, 5,000, 3,900, ஆக 35,900. அதன் 20 சதவீதம் 7,180. மாதம் 1,780 ரூபாய் குறைவாகக் கட்டியிருக்கிறார்கள், வருடத்துக்கு 21,360, ஒரே ஆளுக்கு.

"சோறு போட்டதுக்கும் வரியா?" என்று முதலாளி கேட்டது நியாயமான எரிச்சல்தான். வரி இல்லை அண்ணன், அதுவும் அவருடைய சம்பளம் என்று சொன்னேன். சாப்பாட்டை நிறுத்திவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்தேன், அப்படி நிறுத்திய இடங்களை எனக்குத் தெரியும். அவர் நிறுத்தவில்லை. "அப்பா தொடங்கினது" என்றார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் இங்கே அவருக்குத் தெரியாமல் இருந்தது. முன்பு வெட்ட மறந்த 8 சதவீதத்தை இப்போது தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அந்தந்த மாதச் சம்பளத்தில் அந்தந்த மாதத்துக்கு மட்டும்தான் வெட்டலாம், தவறவிட்டால் 20 சதவீதமும் முதலாளி தலையில். அவர் மாதம் ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துச் சரிசெய்யலாம் என்று யோசித்து வைத்திருந்தார்.

இப்போது நாட்டாமிமார். ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் 12 பேர். அவர்களுக்கு ஒரு தலைவர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு மூத்த ஆள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலியை மொத்தமாகக் காக்காவிடம் கொடுக்க, அவர் பிரித்துக் கொடுப்பார். புத்தகத்தில் ஒருவர் பெயரும் இல்லை. "அவங்க நம்மட ஆக்கள் இல்ல, டெய்லிக்கு வாறவங்க" என்றார் ஐயா. டெய்லிக்கு வருகிறவர்களை வாசல் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர் வருடத்தில் இந்த ஆலையைத் தவிர வேறு எங்கும் போகவில்லை, அதில் ஒருவர் பதினாலு வருடம். தற்காலிகம், அமைய, துண்டு வேலை என்று என்ன பெயர் வைத்தாலும் ஈ.பி.எப். முதல் நாளிலிருந்தே உண்டு. மூட்டைக் கூலி என்பதால் விலக்கில்லை, நாட்கூலி என்பதால் விலக்கில்லை.

இது அக்காவின் கதையோடு எங்கே முட்டுகிறது என்றால், பணிக்கொடையில். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விட்டால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. முதலாளிக்கு இந்தச் சட்டம் தெரியும். தெரிந்துதான் நிம்மதியாக இருந்தார், ஏனென்றால் புத்தகத்தில் 11 பேர்தானே. நாட்டாமிமாரை எண்ணினால் 23. எண்ணாமல் விட்டது ஆலைக்குப் பணிக்கொடை என்ற ஒன்றே இல்லாததுபோல ஆக்கிவிட்டது. மூட்டை தூக்குகிறவரின் பெயரை எழுதாததால் நெல் அவிக்கிறவருடைய மூன்றரை இலட்சம் காணாமல் போக இருந்தது. திட்டம் போட்டுச் செய்ததென்று நான் நினைக்கவில்லை. ஆனால் திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடச் சரியாக அமைந்திருக்காது.

அக்காவின் கடைசிச் சம்பளம் படியோடு 32,000. அரைவாசி 16,000, இருபத்திரண்டு வருடத்துக்கு 352,000 ரூபாய். தகப்பன் காலத்துப் பத்து வருடத்தையும் சேர்ப்பதா என்று ஒரு வாக்குவாதம் வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். வரவில்லை. "அவ அப்பாட காலத்தில இருந்தே நம்மட ஆள்" என்று முடித்துவிட்டார். மனிதர்களைக் கணிப்பதில் நான் அடிக்கடி பிழை விடுகிறேன்.

திருத்துகிற வேலைக்கு நான்கு மாதம் பிடித்தது. அதை விரிவாக எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். கணக்குகளைச் சேர்க்க ஆலையின் கடிதம், இப்போதைய அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி, பழைய கூற்றுகள். அலுமாரியில் ஐயா பத்திரப்படுத்திய அதே கட்டுகள்தான் இங்கே பெரிய சாட்சியாக நின்றன, இந்த வேடிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். நிலுவையைத் தவணையாகக் கட்டக் கேட்டோம், எட்டுத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். நாமாகப் போய்ச் சொன்னதால் தொழில் அலுவலகத்தில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், முறைப்பாடு போன பிறகு போயிருந்தால் அந்தக் கதை வேறு. மற்றப் பத்துப் பேரின் பதிவுகளையும் இந்தச் சாக்கில் பார்த்ததில், மூன்று பேருக்கு அடையாள அட்டை இலக்கம் பிழை, ஒருவர் தனக்குப் பிறகு காசு போகவேண்டிய பின்னுரிமையாளராகக் காலமான தாயின் பெயரை வைத்திருந்தார், அவருக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

ஆலையில் மாற்றியது கொஞ்சம்தான். சம்பளச் சிட்டையைத் தமிழில் அடித்தோம், ஒரு அரைத்தாளில்: அடிப்படை, படி, சாப்பாட்டுப் பெறுமதி, வெட்டிய 8, முதலாளியின் 12, ஈ.ரி.எப். 3, உறுப்பினர் இலக்கம், போன மாதத்தைக் கட்டிய திகதி. துண்டுச் சீட்டில் காசு கொடுப்பது நின்றது. சீ படிவத்தின் பிரதியை மாதாமாதம் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவது என்று வைத்தோம், ஏனென்றால் ஆலையில் எல்லோரும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நிற்கிற இடம் தராசடிதான். முதலில் சம்பளத்தை எல்லோரும் பார்க்கிறார்களே என்று முணுமுணுப்பு வந்தது, நியாயம்தான். பிறகு தொகையை மறைத்து பெயர், இலக்கம், கட்டிய திகதி மட்டும் ஒட்டுகிறோம். ஈ.பி.எப். காசோலையைச் சம்பள நாளிலேயே எழுதிவிடுவது, அடுத்த மாதக் கடைசி வரை வைத்திருப்பதில்லை. இதற்கு முதலாளி கடைசிவரை முரண்டு பிடித்தார். சட்டம் ஒரு மாதம் தருகிறதே, அந்தக் காசை நெல்லில் போட்டால் என்ன என்றார். 2022 என்றேன். பேசாமல் கையெழுத்து வைத்தார்.

அக்காவுக்குக் காசு வருகிறது என்ற செய்தி ஊருக்குள் எப்படிப் போனதோ, காசு வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். மருமகனுக்கு ஓட்டோ, தம்பிக்காரன் கட்டாருக்குப் போக, கோயில் திருவிழாவுக்கு ஒரு பங்கு, ஒரு நிதி நிறுவன முகவர் டை கட்டிக்கொண்டு பைக்கில். ஈ.பி.எப். என்பது ஓய்வூதியம் இல்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் வருகிறதுபோல வராது, ஒரே நாளில் முழுவதும் கையில் விழும், அப்புறம் உங்கள் பாடு. வாழ்நாளில் ஒரு இலட்சத்தைச் சேர்த்துப் பார்க்காதவர் கையில் பதினைந்து இலட்சத்துக்குக் கிட்ட வருகிறது. அவருக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர், அதில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் காசில் கண்.

என்னிடமும் கேட்டார். எங்கே போடு என்று நான் சொல்வதில்லை, அது என் தொழில் இல்லை, நான் கணக்கு எழுதுகிறவன். ஆனால் நாலு விஷயம் சொன்னேன். முதலாவது, வயது வந்துவிட்டது என்பதற்காக ஈ.பி.எப். காசை உடனே எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இருக்கிற இடத்தில் வட்டி விழுந்துகொண்டுதான் இருக்கும். பணிக்கொடையை வைத்து வாரக் கடனை முதலில் முடியுங்கள், எந்த வைப்பும் அந்தக் கடன் வட்டியை எட்டாது. நிதி நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் உரிமம் பெற்றதா என்று பட்டியலில் பாருங்கள், உரிமம் இருந்தாலும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். 2020 மே மாதம் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது அந்த உச்சம் 6 இலட்சமாக இருந்தது, அதற்கு மேல் போட்டவர்கள் பட்ட பாட்டை மட்டக்களப்பிலும் கண்டோம். கடைசியாக, 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள், வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள், அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். முகவர் இதில் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. அவர் சொன்னது ஒரு இலக்கம்தான், மாத வட்டி.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பணிக்கொடையில் கடனை அடைத்தார், பழைய கணக்கிலிருந்து வந்ததை மகளின் வீட்டுக் கூரைக்குக் கொடுத்தார், மீதியை அரச வங்கியொன்றில் இரண்டு வைப்பாகப் பிரித்துப் போட்டார். கூரைக்குக் கொடுத்தது எனக்கு உடன்பாடில்லை. அது அவருடைய காசு. தம்பிக்காரன் இன்னும் பேசுவதில்லையாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. ஏழு நாட்டாமிமாரைப் பதிந்தாயிற்று, அதற்கும் முன்னைய வருடங்களின் நிலுவை பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. மற்ற ஐந்து பேர் இரண்டு மூன்று ஆலைகளுக்கு மாறி மாறிப் போகிறவர்கள். என் எண்ணத்தில் அவர்கள் இங்கே தூக்கிய நாளுக்கு இங்கே பதிய வேண்டும். முதலாளி ஒப்பவில்லை, பக்கத்து ஆலைக்காரன் பதியாதபோது நான் மட்டும் ஏன் என்கிறார். காக்காவே பெரிதாக விரும்பவில்லை, 8 சதவீதம் வெட்டினால் பொடியன்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார். அவருக்கு வட்டிக் காசு பற்றியும் ஒரு தயக்கம் இருந்தது, அதை அவர் தன் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டேன், அதில் நான் தலையிட இடமில்லை. ஆனால் 12 சதவீதம் முதலாளியின் காசு, அதை ஏன் விடுகிறீர்கள் காக்கா என்று மட்டும் கேட்டேன். "மறுகா சொல்றன்" என்றார்.

போன மாதம் பெரும்போக நெல் வரத் தொடங்கியிருந்தது, முற்றமெல்லாம் தூசி. தராசடிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பதினேழு பெயர். பதினாறாவது பெயருக்குப் பக்கத்தில், பதினாலு வருடமாக மூட்டை தூக்குகிற அந்த மனிதருடைய பெயர் அது, யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, கோணல் எழுத்தில் "முன்னெழுத்து பிழை, எம் இல்ல, என்" என்று எழுதியிருந்தார்கள். ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டை எடுத்து, அடையாள அட்டைப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிழைதான். அன்றைக்கே திருத்தத்துக்குக் கடிதம் அடித்தார், மறுகா என்று சொல்லவில்லை.